தனலெட்சுமியின் வடகமும் சபாபதியின் ஏர்கோனும்

கிள்ளானில் வடகம் காய வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இன்றைக்கு மழை வராது என்று நம்பித் தட்டுகளை வெளியே பரப்பிவிட்டு உள்ளே வந்தால், மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவுவதற்குள் கடல் பக்கமிருந்து கருத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்துவிடும். பிழிந்த வடகம் மறுபடியும் கூழாகிவிடும். அந்த எரிச்சலிலேயே பலபேர் வடகம் பிழிவதை விட்டுவிட்டுக் கடையில் பாக்கெட் வாங்கிக்கொள்கிறார்கள். தனலெட்சுமி மட்டும் விடவில்லை. அவர் பிடிவாதம் அப்படி.

பண்டமாரான் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டின பழைய டெரஸ் வீடுகளில் ஒன்றில் இருக்கிறார் தனலெட்சுமி. அறுபதை நெருங்குகிற வயது. முழங்கால் வலி உண்டு, வாய் கொஞ்சம் அதிகம், மனசு வெள்ளை. வீட்டுக்காரர் சபாபதி போர்ட் கிள்ளானில் மீனும் இறைச்சியும் அடுக்கி வைக்கிற ஐஸ் கிடங்கில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் தடிக்கோட்டுப் போட்டுக்கொண்டு ஐஸுக்குள்ளேயே நடமாடிய உடம்பு. நமக்கெல்லாம் இதமாக இருக்கிற இடத்தில் அவருக்கு முதுகில் வியர்வை ஓடும். அதனால் வீட்டில் சோபா வருவதற்கு முன்பே படுக்கையறையைக் குளிர வைக்க ஏர்கோன் வந்துவிட்டது. ஒரே மகன் பிரவின். அவனும் வேலை கிடைத்து ஜோகூருக்குப் போய்விட்டான்.

மகன் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. தனலெட்சுமி சிரிப்பதையே குறைத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தால் அழுகை வருகிறது என்று ஒருநாள் அரிசி மாவைக் கிண்டி வடகம் பிழிந்தார். அடுத்த வாரம் மோர் மிளகாய் போட்டார். பக்கத்து வீட்டுக்குக் கொஞ்சம், கோவிலில் பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சம் என்று போனது, கடைசியில் லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக்கடைக்காரர் வாய்க்கு எட்டியது. "அக்கா, எனக்கும் கொஞ்சம் போட்டுக் குடுங்க, ஆளுங்க கேக்குறாங்க" என்றார். தனலெட்சுமிக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில்கூட அவரை யாரும் கெட்டிக்காரி என்று சொன்னதில்லை. இப்போது தனலெட்சுமி வடகம் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

ஆனால் மழை விட வேண்டுமே! ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் பின்பக்கம் துணி எடுக்கப் போனார். மழை படாத கூரைச் சாய்ப்புக்கு அடியில், சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்த ஏர்கோன் கம்ப்ரசரிலிருந்து சூடான காற்று பாதத்தில் அடித்தது. உலர்ந்த, கதகதப்பான காற்று. தனலெட்சுமி அப்படியே நின்றுவிட்டார். அட, இத்தனை நாளாக இது வீணாகப் போகிறதே என்று தோன்றிவிட்டது.

அன்றைக்கே துணி காயப்போடுகிற கம்பி ஸ்டாண்டை இழுத்துவந்து கம்ப்ரசருக்கு முன்னால் ஒட்டினாற்போல நிறுத்தினார். அதில் வடகத் தட்டும் மோர் மிளகாய்த் தட்டும் ஏறின. பூனை வாய் வைக்கக்கூடாது, தூசி விழக்கூடாது, சூடும் வெளியே போகக்கூடாது என்று பழைய பெட்ஷீட் இரண்டை எடுத்து மேலும் பக்கமும் சுற்றிக் கட்டி, ஒரு சின்னக் கல்யாணப் பந்தலே போட்டுவிட்டார். ராத்திரி சபாபதி உள்ளே ஏர்கோனைப் போட்டால் வெளியே பந்தலுக்குள் வடகம் காயும். விடிந்து எடுத்தால் மொறுமொறுவென்று உடையும். இந்த ரகசியத்தை அவர் யாருக்கும் சொல்லவில்லை. நீங்களும் வெளியே சொல்லிவிடாதீர்கள், அவரிடம் வடகம் வாங்கித் தின்ற பாதிக் கிள்ளான் என்னோடு சண்டைக்கு வரும்.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. படுக்கையறை முன்போல ஆறவில்லை. சபாபதி முதலில் இருபத்து நான்கில் வைத்திருந்ததை இருபத்திரண்டாக்கினார். பிறகு இருபது. பிறகு ரிமோட்டில் அதற்குக் கீழே போக முடியாத பதினாறு. அப்போதும் முன்ராத்திரியில் அறை புழுங்கும். விடியற்காலையில் வெளியே மழை பெய்து எல்லாம் குளிர்ந்த பிறகு, அதுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஏர்கோனுக்குத் திடீரென்று வழி கிடைத்து அறையை ஐஸ் கிடங்காக்கிவிடும். சபாபதி சுகமாகத் தூங்குவார். தனலெட்சுமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"குளிர் வாட்டுதுங்க. ரெண்டு நாளைக்குப் பிரவின் ரூம்ல படுத்துக்கறேன்" என்று தலையணையை எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டு நாள் இரண்டு தீபாவளியைத் தாண்டிவிட்டது.

சண்டை ஒன்றும் இல்லை. இருந்திருந்தால்கூடச் சமாதானம் ஆகியிருக்கலாம். கல்யாணமான நாளிலிருந்து விளக்கை அணைத்த பிறகு இருவரும் ஏதாவது பேசிக்கொண்டே தூங்குவது வழக்கம். யார் வீட்டில் என்ன விசேஷம், மீன் என்ன விலை, பிரவினுக்கு எப்போது பெண் பார்ப்பது என்று ஒன்றுமில்லாத பேச்சுத்தான். பகலில் அவர்களுக்குப் பேசவே வராது. "சாப்பிட வாங்க", "தண்ணி வந்துச்சா", அவ்வளவுதான். தனி அறைக்குப் போனதும் அந்த ராத்திரிப் பேச்சும் நின்றுபோனது. தனலெட்சுமிக்கு அது பெரிய குறை. திரும்பிப் போக வேண்டும் என்று தினமும் மனசு அடித்துக்கொள்ளும். ஆனால் அவர் கூப்பிடாமல் நானாக எப்படிப் போவது என்ற ரோஷமும் கூடவே இருக்கும். சபாபதி கூப்பிடவில்லை. நிம்மதியாகக் கையைக் காலை நீட்டிப் படுத்துப் பழகிவிட்டார், நான் இல்லாததே அவருக்கு வசதி என்று தனலெட்சுமி முடிவுகட்டிவிட்டார். இந்த நினைப்பை வைத்துக்கொண்டுதான் அந்த மனுஷி இத்தனை நாளும் சிரித்துப் பேசி வடகம் விற்றுக்கொண்டிருந்தார்.

கரண்ட் பில் மட்டும் மாதாமாதம் ஏறிக்கொண்டே வந்தது. இந்தத் தீபாவளிக்கு முன்னால் ஏர்கோன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு தானாக நின்றுவிடும். புதுசு வாங்கலாமா என்று கேட்டதற்குச் சபாபதி "பார்க்கலாம்லா" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் பாசாருக்குக் கிளம்பிவிட்டார். தனலெட்சுமி ஏர்கோன் சர்வீஸ் செய்கிற ஹாசிமுக்குப் போன் போட்டார்.

ஹாசிம் அன்று காலையே வந்தான். நாற்பதுக்குப் பக்கத்து வயது, சிரித்த முகம், கையில் தண்ணீர் அடிக்கிற பம்ப். உள்ளே சுவரில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்து பில்டரை உருவினான். கம்பளி போர்த்தின மாதிரி தூசி.

"ஆன்டி, இதைக் கடைசியா எப்ப கழுவினீங்க?"

"அதைக் கழுவணுமா தம்பி?"

"மாசம் ஒரு தடவை பைப்புல காட்டி, நிழல்ல காய வெச்சு மாட்டிட்டாப் போதும். சோப்புகூட வேணாம். இது அடைச்சுகிட்டா மெஷின் சும்மா ஓடிகிட்டே இருக்கும், கரண்ட் பில்தான் ஏறும்" என்றவன், "ஆனா இதுனால மட்டும் இப்படி நிக்காது. வெளிய இருக்கறதைப் பார்ப்போம்" என்று பின்பக்கம் போனான்.

போனவனைக் கொஞ்ச நேரம் காணோம். பிறகு ஒரு சத்தம் கேட்டது.

"யா அல்லா! ஆன்டி, இது என்ன, இங்க யாருக்குக் கல்யாணம்?"

தனலெட்சுமி கொஞ்சம் பெருமையாகவே போய் நின்றார். பெட்ஷீட்டை விலக்கித் தட்டுகளைக் காட்டினார். இது நம் இரண்டு பேருக்குள்ளேயே இருக்கட்டும் என்று அவனுக்கும் ஒரு பாக்கெட் மோர் மிளகாயை நீட்டினார். ஹாசிம் வாங்கிக்கொண்டான். ஆனால் சிரிப்பு அடங்கி, மரியாதையாகத்தான் சொன்னான்.

"ஆன்டி, ஏர்கோன் குளிரை எங்கிருந்தும் கொண்டு வர்றதில்ல. ரூம்ல இருக்கற சூட்டை எடுத்து இது வழியா வெளிய தள்ளுது. நீங்க இங்க மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்க. தள்ளின சூட்டையே திரும்பத் திரும்ப இழுத்துகிட்டிருக்கு. அப்புறம் ரூம் எப்படி ஆறும்? பதினாறுல வெச்சாலும் ஒண்ணும் ஆவாது, ராத்திரி பூரா முக்கிகிட்டுக் கெடக்கும், அவ்வளவுதான்."

பந்தலைப் பிரித்து ஸ்டாண்டை நகர்த்திவிட்டு, கம்ப்ரசரின் தகடுகளில் தண்ணீரைப் பாய்ச்சினான். அவ்வளவுதான், வந்தது பாருங்கள் வினை! இத்தனை நாளும் தகட்டில் ஒட்டிக் கிடந்த மிளகாய் விதையும் மாவும் பறந்து காற்றில் ஏறிவிட்டன. ஹாசிம் தும்மினான். தனலெட்சுமி இருமினார். சுவருக்கு அந்தப் பக்கம் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீனத்து ஆன்டி அடுக்கடுக்காகத் தும்மிவிட்டு, "ஆப்பா இனி! ஆப்பா இனி!" என்று மலாயில் 'இது என்ன' எனக் கேட்டுக் கத்திக்கொண்டே உள்ளே ஓடிவிட்டார். ஹாசிமுக்குக் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீராகக் கொட்ட, "ஆன்டி, வடகம் நல்லாருக்கும்னு வாசத்துலயே தெரியுது" என்று சொல்லிக்கொண்டே வேலையை முடித்தான்.

உள்ளே வந்து இருபத்து நான்கில் வைத்து ஓடவிட்டான். கூடவே மேலே ஃபேனையும் மெதுவாகச் சுற்றவிட்டான். "இதுக்கு மேல குறைக்கத் தேவையே இல்ல ஆன்டி. பின்னால இருக்கற அந்தப் பெட்டியை மட்டும் எதையும் வெச்சு அடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

தனலெட்சுமி அறையிலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் அறை ஆறியது. நடுக்குகிற குளிர் இல்லை. முழங்கால் சும்மா இருந்தது. இதமாக, அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. அப்போதுதான் அவருக்கு எல்லாம் விளங்கியது. அறை ஆறாமல் போனது தன்னால். ஆறாததால்தான் சபாபதி பதினாறுக்குப் போனார். பதினாறுக்குப் போனதால்தான் தனக்குக் குளிர் பொறுக்கவில்லை. தன்னை அந்த அறையிலிருந்து விரட்டினது வேறு யாரும் இல்லை, தான் கட்டின பந்தல்தான். இரண்டு வருடம். அவர் கூப்பிடவில்லை என்று இத்தனை நாளும் மனசுக்குள்ளேயே அவரைக் கரித்துக் கொட்டினோமே என்று நினைத்தபோது தன் மேலேயே கோபம் வந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம்தான். பந்தல் போய்விட்டது, யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மனசு கேட்கவில்லை. வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் எழுந்து போய் நின்றுகொண்டார். சபாபதி மீன் பையோடு உள்ளே வந்தார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். திட்டக்கூடாது."

"என்னா?"

நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார் தனலெட்சுமி. ஸ்டாண்டு, பெட்ஷீட்டு, சூட்டுக் காற்று, ஹாசிம் சொன்னது, எல்லாம். "எல்லாம் என்னாலதாங்க. நான் பாட்டுக்கு அடைச்சு வெச்சுட்டு, குளிருதுன்னு நானே எழுந்து போயிட்டேன்" என்றபோது அழுதேவிட்டார்.

சபாபதி மீன் பையை சிங்கில் வைத்தார். கையைக் கழுவினார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அந்தப் பந்தல். நீ கட்டின மறுநாளே பார்த்துட்டேன். அந்தப் பெட்டிக்குக் காத்துப் போவணும்னு எனக்குத் தெரியாதா? அந்த வேலையிலதானே கெடந்தேன்."

தனலெட்சுமியின் அழுகை சட்டென்று கோபமாக மாறியது. "பார்த்துட்டுமா சும்மா இருந்தீங்க? ஏன், வாயில என்ன கொழுக்கட்டையா? எடுடீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றார் சபாபதி. அவர் இவ்வளவு பேசுவதே அபூர்வம். "நீ அடுப்புக்கிட்ட மாவு கிண்டிகிட்டே பாடிகிட்டு இருந்த. பையன் போனதுக்கு அப்புறம் நீ பாடி அன்னிக்குத்தான் கேட்டேன். அதைப் போய் எப்படிப் புடுங்கறது? சரி, ஏர்கோனைக் கொஞ்சம் குறைச்சு வெச்சுக்கலாம்னு போயிட்டேன்."

"அதுக்கு ரெண்டு வருஷம் தனியாவா படுப்பீங்க? ஒரு தடவை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேனே!"

"வந்திருப்ப. அது தெரியும். வந்து விடிய விடிய முழங்காலைப் புடிச்சிகிட்டு உக்காந்திருப்ப. எப்படிக் கூப்பிடறது?"

தனலெட்சுமிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "கூறுகெட்ட மனுஷன்! இப்படி ஒரு மனுஷன் எங்கேயாவது உண்டா?" என்று திட்டிக்கொண்டே புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். சபாபதி பின்பக்கக் கதவைத் திறந்து, காலியாகக் கிடந்த இடத்தையும் மேலே கருத்துக்கொண்டு வந்த வானத்தையும் பார்த்தார். தீபாவளி ஆர்டர் நிறைய இருப்பது அவருக்கும் தெரியும்.

"இப்ப வடகத்தை எங்க காய வைப்ப?" என்று கவலையாகக் கேட்டார்.

"அதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார் தனலெட்சுமி. "கட்டில்ல என் பக்கம் பூரா உங்க சட்டையும் சிலுவாருமா குவிஞ்சு கெடக்கு. முதல்ல அதை எடுங்க."