எண்ணாமல் விட்ட எறிகள்

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன எண்ணும் கருவி. கட்டைவிரலால் அமர்த்தினால் ஒன்று கூடும். மகள் பேஸ்பால் ஆடிய கழகத்தில் பெற்றோர் சம்பளமில்லாமல் செய்துகொடுக்கும் டுக்நாட் வேலையாக அதைத்தான் எனக்குத் தந்தார்கள். மற்ற அப்பாமார் சத்தமாகக் கதைத்துக்கொண்டு வாபிள் சுட்டு விற்றார்கள். யாரோடும் கதைக்கத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு இது பிடித்திருந்தது. மகள்தான் அணியின் பிட்சர், பந்தை எறிபவள். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒரு நாளில் எழுபத்தைந்து தடவைக்கு மேல் எறியக்கூடாது என்பது கழகத்தின் விதி. அதைக் கவனிக்கவே நான்.

பயிற்சியாளர் அமெரிக்கர். நோர்வேப் பெண்ணைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்தவர். எறிவதையே தொழிலாகச் செய்தவர். பத்தொன்பது வயதில் ஒப்பந்தம், எட்டு வருடம் சின்னச் சின்ன ஊர் அணிகளோடு பேருந்தில் அலைச்சல், பிறகு மேல்மட்ட அணியில் நான்கே நான்கு ஆட்டம். அதற்குள் முழங்கை நார் அறுந்து எல்லாம் முடிந்தது. அந்த நான்கை நானூறுபோலச் சொல்வார். "ஊசி போட்டுக்கொண்டு எறிந்தேன், ஒருநாளும் பந்தைக் கீழே வைக்கவில்லை" என்பார். பெற்றோர் வாய்பிளந்து கேட்போம். தன் கையைத் தானே கெடுத்த ஒரு மடையன் அந்த மடத்தனத்தைப் பதக்கம்போலக் குத்திக்கொண்டு திரிகிறான் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருட இறுதி ஆட்டத்தில் எண்ணிக்கை எழுபத்தைந்தைத் தொட்டதும் கருவியை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாங்கி, திருகிப் பூச்சியமாக்கித் திருப்பித் தந்தார். "இப்போது சரி," என்று சிரித்தார். பிள்ளைக்குக் கற்பிப்பவரை எங்கள் ஆட்கள் எதிர்த்துக் கதைப்பதில்லை. பள்ளிக்கூடக் கூட்டத்திலும் தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்துதான் குறை சொல்வோம். நான் தலையாட்டினேன். மறுபடி ஒன்றிலிருந்து அமர்த்தத் தொடங்கினேன்.

இடைவேளையில் மகள் வந்தாள்.

"அப்பா, முழங்கை நோகுது."

"கோச்சிட்டைச் சொன்னனியோ?"

"ஓம். பிட்சர் எண்டா நோகத்தானாம் செய்யும்."

தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் எண்ணிக்கை முப்பத்தொன்றில் அவள் கையைப் பிடித்தபடி குந்திவிட்டாள். புருசெத்தில் இருந்த எங்கள் வீட்டில், வீங்கிய கையைப் பார்த்துவிட்டு மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"எண்ணத்தானே உங்களை அங்கை விட்டவை?"

இரண்டு சத்திரசிகிச்சை. இப்போது பல்கலைக்கழகம் போகிறாள், வலக்கை முழுதாக நிமிராது. தலைமுடியைக் கட்ட இன்னும் தாயிடம் வருகிறாள். பயிற்சியாளர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை, ஒரு செய்தியும் அனுப்பவில்லை. அடுத்த பருவத்துக்கு வேறொரு பிள்ளையை எறிய விட்டார் என்று கேள்விப்பட்டேன். என்னில் எனக்குக் கோபம் உண்டு. அதைக் காட்டி அவர்மீதான கோபத்தைக் குறைத்துக்கொள்ள நான் தயாரில்லை. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். அறுந்தால் என்ன ஆகும் என்று தன் உடம்பிலேயே படித்த மனிதர் அவர்.

போன மாதம் ட்வெய்ட்டா கடைத்தொகுதியில் எதிரே வந்தார். நரைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு, "உங்கள் மகளைப்போல ஒரு கை அதற்குப் பிறகு இந்த நாட்டில் எனக்குக் கிடைக்கவேயில்லை," என்றார் உரக்க. அந்தக் கை எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. கேட்பாரென்று கொஞ்ச நேரம் நின்றேன். அவர் விடைபெறக் கையை நீட்டினார். இரண்டு கைகளையும் ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, நீட்டிய கையோடு அவரை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன்.