அம்மா எடுத்த சுடிதார்

அம்மாவுக்கு வேலை கிடைத்த செய்தி எனக்கு வந்து சேர்ந்த விதமே திருட்டுத்தனமாக இருந்தது. ஓசூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்து போனைக் கையில் எடுத்தேனோ இல்லையோ, அடித்தது. அம்மா கிசுகிசுத்தாள். வீட்டில் பேசினால் கேட்டுவிடும் என்று தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் போய் நின்றுகொண்டு பேசினாளாம்.

"பாப்பா, செருப்புக் கம்பெனியில இருந்து போன் பண்ணாங்க. திங்கக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாத."

கேன்டீனே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். நாற்பத்து மூன்று வயதில் என் அம்மாவுக்கு முதல் வேலை! ரேஷன் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேர்காணலுக்குப் போய் வந்தவள். அந்தக் கம்பெனி எங்கள் மத்தூர்ப் பக்கம் ஊர் ஊராக பஸ் அனுப்பிப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த பஸ் போகும்போதெல்லாம் அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"ஆனா சேலை கட்டக் கூடாதாம். மெஷின்ல முந்தானை மாட்டிக்குமாம். சுடிதார்லதான் வரணுமாம், இல்லன்னா உள்ளயே விடமாட்டாங்களாம்" என்றாள்.

அங்கேதான் இடித்தது. அம்மா சுடிதார் போட்டதே இல்லை. எங்கள் தெருவில் அவள் வயதில் யாரும் போடுவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் பக்கத்து வீட்டில் இருக்கும் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா. அத்தை கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தைப் பார்த்து அத்தை "இது தேவையா?" என்று கேட்டுவிட்டால், அப்பாவுக்கு அது தேவையில்லாததாகிவிடும். அதனால் அம்மா ஒரு திட்டம் போட்டிருந்தாள். திங்கள் காலையில் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நேராக பஸ் ஏறிவிடுவது. பேசுகிறவர்கள் பிறகு பேசிக்கொள்ளட்டும். அதுவரை ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது. மத்தூர்க் கடையில் எடுத்தால் படியிறங்குவதற்குள் செய்தி வீட்டுக்குப் போய்விடும்.

"உன் போன்லயே வரவழச்சுக் குடு" என்றாள்.

அந்த வார்த்தையில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜூஜுவாடியில் எங்கள் விடுதியில் ஆப்பில் துணி வாங்குவது என்றால் என்னைத்தான் கேட்பார்கள். எல்லை ஓரம் என்பதால், நான் தமிழ்நாட்டில் இருக்கிறேனா கர்நாடகத்தில் இருக்கிறேனா என்று என் போனுக்கே பாதி நேரம் தெரியாது. டெலிவரிக்காரர் கன்னடத்தில் கூப்பிடுவார், நான் தமிழில் வழி சொல்வேன், பார்சல் வந்து சேர்ந்துவிடும். எங்கள் அறையில் ஆறு பேர். ஒருத்திக்கு வரும் குர்தியை ஆறு பேரும் போட்டுப் பார்ப்போம். யாருக்குப் பொருந்துகிறதோ அவள் வைத்துக்கொள்வாள். ஒருத்திக்கும் பொருந்தாவிட்டால்தான் அது திரும்பிப் போகும்.

அந்தக் கெத்தில், "உன் அளவு என்னம்மா?" என்று கேட்டேன்.

"அளவா? அளவு ஜாக்கெட்டு இருக்குது, அனுப்பட்டுமா?"

சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்கு வாழ்நாளில் எண்ணால் ஓர் அளவு இருந்ததில்லை. தையல்காரரிடம் பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்து, இதே மாதிரி என்று சொன்னால் முடிந்தது. ஆப்போ மார்பு, இடுப்பு என்று எண்ணாகக் கேட்கிறது. பக்கத்தில் போய் இன்ச் டேப் கேட்டால் சந்தேகம் வரும் என்று, அம்மா ஒரு கயிற்றை உடம்பைச் சுற்றிப் பிடித்து, அந்தக் கயிற்றை என் பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்து அளந்து சொன்னாள். சொன்ன எண்கள் பெரிதாகத்தான் இருந்தன. அம்மா கொஞ்சம் பூசியிருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ரோஸ் நிறத்தில் டபுள் எக்ஸ்எல் ஒரு செட் எங்கள் வீட்டு முகவரிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். விடுதிக்கு வரவழைத்து நானே கொண்டுபோயிருக்கலாம். ஆனால் ஞாயிறு ஓவர்டைம் இருந்தது. அதோடு, பார்சல் நேரே வீட்டுக்குப் போனால் அம்மா ஒரு நாள் முன்னதாகவே போட்டுப் பழகலாமே என்ற அதிபுத்திசாலித்தனமும் இருந்தது.

சனிக்கிழமை பார்சல் போனது. அம்மா தோட்டத்தில் இருந்தாள், போன் வீட்டில் இருந்தது. டெலிவரிக்காரர் என்ன செய்வார்? டீக்கடையில் அம்மா பேரைச் சொல்லி வழி கேட்டிருக்கிறார். அங்கே இருந்தவர்கள் மளிகைக் கடையைக் காட்ட, மளிகைக் கடையில் எங்கள் தெருவைக் காட்ட, தெருமுனையில் நின்று மறுபடியும் ஒருமுறை சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறார். யாருக்கும் தெரியக் கூடாது என்று வரவழைத்த பார்சலுக்கு ஊரே வழிகாட்டி அனுப்பியது. கடைசியில் அதை வாங்கிக்கொண்டது அத்தை. உரையின் மேலேயே பெண்கள் சுடிதார் செட் என்று அச்சடித்திருந்ததால், உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

அம்மா சாயங்காலம் வரும்போது அத்தை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அத்தை அந்த ரோஸ் சுடிதாரை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்திருந்தாள். கயிற்றைச் சேலைக் கொசுவத்தின் மேலேயே சுற்றி அளந்திருக்கிறாள் என் அம்மா!

"நாலு மூலையிலயும் கட்டுனா காதுகுத்துக்கே பந்தல் போடலாம் போலிருக்குதே" என்றாளாம் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் அம்மா வேலை விஷயத்தைச் சொல்லிவிட்டாள். அத்தை சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இந்த வயசுல உனக்கு இது தேவையா?"

கூட நின்றிருந்த அப்பா திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். துணியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மா எனக்குப் போன் செய்தாள். "விட்று பாப்பா. நான் போகல" என்றாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அத்தை மேல் பாதி, என் மேல் பாதி. ஆப்பைத் திறந்து, திரும்ப எடுத்துக்கொள்ளும்படி பதிந்தேன். காரணம் கேட்டது. அளவு சரியில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றெல்லாம் பட்டியல் இருந்தது. ஊரே பார்த்துவிட்டது என்பதற்கு அதில் இடமில்லை. திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வோம் என்று பதில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவர்டைமுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"பாப்பா, கிருஷ்ணகிரி தாண்டிட்டேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துரு. கடையிலயே எடுத்துக்கலாம்."

ஓவர்டைமாவது ஒன்றாவது! பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அன்றைக்கு அம்மா வந்த வேகத்துக்கு, வழியில் சானமாவுக் காட்டில் யானை மறித்திருந்தால்கூட இறங்கி அதனிடம் ஒதுங்கச் சொல்லியிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மூன்று மாடிக் கடைக்குள் போனோம். ஞாயிறு என்பதால் கம்பெனிப் பெண்கள் நெரித்துத் தள்ளினார்கள். விற்கும் பெண், வந்தவர்களில் ஒருத்தியிடம் கன்னடத்திலும், இன்னொருத்தியிடம் இந்தியிலும், எங்களிடம் தெலுங்கிலும் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தாள். நான் அளவைப் பற்றி விளக்க வாயெடுத்தேன். அவள் அம்மாவை மேலிருந்து கீழாக ஒரே ஒருமுறை பார்த்தாள்.

"அக்காவுக்கு லார்ஜ் போதும்."

அவ்வளவுதான். கயிறு, ஸ்கேல், ஆப்பின் பட்டியல் எல்லாம் அந்த ஒரு பார்வையில் அடிபட்டுப் போயின. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அந்த வெட்கத்தில் போனை எடுத்து, இதே துணி ஆப்பில் இன்னும் மலிவு என்று காட்டப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துப் போனைக் கீழே இறக்கினாள்.

மாற்றிப் பார்க்கும் அறைக்குள் போனவள் வெகு நேரம் வரவில்லை. "இதுல எது பாப்பா முன்பக்கம்?" என்று ஒருமுறை குரல் வந்தது. பிறகு "நாடாவ எந்தப் பக்கம் முடியறது?" என்று வந்தது. வரிசையில் நின்ற பெண்கள் பெருமூச்சு விட்டார்கள். கதவு திறந்தது. கருநீல நிறத்தில் சுடிதார். துப்பட்டாவை மட்டும் முந்தானை மாதிரி தோளில் போட்டு, சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் செருகியிருந்தாள். நான் அதை எடுத்துச் சரியாகப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துவிட்டு அங்கேயே, கடை நடுவில், குந்தி உட்கார்ந்தாள். எழுந்தாள். கைகளை மேலே தூக்கினாள். கூடையைத் தூக்குவதுபோல் குனிந்து நிமிர்ந்தாள். எங்கேயும் இழுக்கவில்லை, பிடிக்கவில்லை. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகில் வந்தாள்.

"யாருமே பாக்கலையே பாப்பா!"

உண்மைதான். அத்தனை கூட்டத்தில் ஒருத்தர்கூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அதில் எண்பது பங்கு சந்தோஷம், இருபது பங்கு ஏமாற்றம். கழற்றித் தாருங்கள், மடித்துப் பையில் போட்டுத் தருகிறோம் என்று விற்பனைப் பெண் சொன்னாள். அம்மா சேலையை எடுத்து அவளிடம் நீட்டி, "இத மடிச்சுப் போடு கண்ணு" என்றாள். சுடிதாரோடே பஸ் ஏறிப் போனாள்.

அன்று சாயங்காலம் அம்மா போனில் சொன்னதைக் கேட்டு எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மத்தூரில் அப்பா வண்டியோடு காத்திருந்தாராம். அம்மா இறங்கி எதிரிலேயே நின்றும், அவர் அவளைத் தாண்டி பஸ்ஸின் படியையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "யாரத் தேடுறீங்க?" என்று அம்மா கேட்டபிறகுதான் திரும்பினாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏறு" என்று மட்டும் சொன்னாராம்.

"ரெண்டு பக்கமும் கால் போட்டு உக்காந்தேன் பாப்பா. கல்யாணமாகி இத்தன வருசத்துல இதான் மொதத் தடவ."

"நாளைக்குப் போறியாம்மா?" என்று கேட்டேன். குரல் இறங்கிவிட்டது. அத்தை வீட்டுக் கதவு சாத்தியே இருக்கிறதாம். அப்பாவும் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லையாம். "காலையில பாக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். போன் லாக்கரில். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மனசு முழுக்க அந்த பஸ் நிற்கும் இடத்தில் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் ஓடிப் போய்ப் போனைத் திறந்தேன். ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. பதினோரு மணிக்குப் பார்சலை எடுக்கப் போனோம், போனில் பேசினோம், பொருளைத் தர மறுத்துவிட்டார்கள்.

அவர்களிடம் கொடுத்திருந்தது அம்மாவின் நம்பர். எந்தக் கம்பெனியிலும் வேலை நேரத்தில் போன் கையில் இருக்காது. பதினோரு மணிக்கு அந்தப் போனை யாரோ எடுத்துப் பேசியிருக்கிறார்கள் என்றால் அம்மா வீட்டில்தான் இருக்கிறாள். போகவில்லை. விட்டுவிட்டாள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"யாரு, நீயா கண்ணு?" அத்தையின் குரல்.

"அம்மா எங்க அத்த?"

"கம்பெனிக்குப் போயிட்டா. போன உள்ள விடமாட்டாங்களாமே, எங்கிட்ட குடுத்துட்டுப் போனா. காலையிலயே கதவத் தட்டுனா. தொறந்தா, யாரோ காலேஜு புள்ள நிக்குதுன்னு நெனச்சேன். தேவையான்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள போனக் கையில வெச்சுட்டு பஸ்ஸுக்கு ஓடிட்டா. அவ அப்படி ஓடி நான் பாத்ததே இல்ல."

நான் லாக்கர் மேலேயே சாய்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்ட பிறகுதான் ஆப்பின் செய்தி ஞாபகம் வந்தது.

"அத்த, அந்தப் பார்சல எடுக்க ஆள் வந்தாங்களா?"

"வந்தான்."

"ஏன் குடுக்கல?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. அத்தை கனத்த உடம்புக்காரி. கட்டிலில் உட்கார்ந்தபோது அது முனகியதும் கேட்டது.

"போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தேன் கண்ணு. அந்நேரம் பாத்து வாசல்ல வந்து நிக்கறான். எப்படிக் கழட்டிக் குடுக்கறது? கதவத் தொறக்காமயே, வேணாம் போடான்னு போன்ல சொல்லிட்டேன்."

அத்தை குரலைத் தாழ்த்தினாள். தோட்டத்து நடுவில் நின்று அம்மா பேசினாளே, அதே கிசுகிசுப்பு.

"உங்கம்மாகிட்ட சொல்லிடாத. யாருகிட்டயும் சொல்லாத."