நோர்பரித் தெருவில் முழங்கால் தண்ணீர்

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழுந்துபோய்த் தேத்தண்ணி போடுகிற ஆள் நான். செத்தவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அவர்கள் திரும்பி வருவதில்லை என்று தெரியும். நீங்கள் இதை நம்பவேண்டும் என்றில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

லண்டனில் கன வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறேன். போன வருடம் நோர்பரியில் சாந்தி என்ற பெண் பழக வந்தாள். நாற்பது வயதிருக்கும். ஊர் இலங்கையின் கிழக்கிலே, மகாவலியின் கிளையாறு ஒன்றின் கரை. சண்டைக் காலத்தில் அந்த ஆறுதான் எல்லை. இந்தக் கரை இயக்கம், அந்தக் கரை ஆமி. மாரியில் ஆறு பெருகினால் ஆமி கடக்க முடியாது, ஊர் கொஞ்சம் நித்திரை கொள்ளும். வற்றத் தொடங்கினால் சனம் மூட்டை கட்டிவிடும். இதெல்லாம் சிவப்பு விளக்குகளில் நிற்கும்போது அவள் விட்டு விட்டுச் சொன்னவை.

ஒருநாள் பட்டப்பகல், நல்ல வெயில். ஒரு சின்னத் தெருவில் ஒழுங்காகத்தான் ஓட்டி வந்தாள், திடீரென்று நடுவில் பிரேக்கை அமத்திவிட்டாள்.

"என்ன தங்கச்சி, எடுங்கோ."

"ஏலாது அண்ணை. தண்ணி போகுது."

தெரு காய்ந்து கிடந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. பின்னால் ஒரு வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான். நான் ஓட்டுகிறேன், இறங்கி வாங்கோ என்றால், இறங்கமாட்டேன், உள்ளுக்குள்ளாலேயே மாறி இருக்கிறேன் என்கிறாள்.

நான் இறங்கினேன். நம்பினால் நம்புங்கள், கால் வைத்ததும் குளிர்ந்தது. கண்ணுக்குத் தார் ரோட்டுத்தான் தெரிகிறது, ஆனால் முழங்கால் வரை தண்ணீர் பக்கவாட்டில் இழுக்கிறது, பாதத்துக்குக் கீழே மணல் கரைகிறது. பொனெட்டைப் பிடித்துப் பிடித்து மறுபக்கம் போய் ஏறினேன். கால்சட்டையைத் தடவினேன். ஈரமே இல்லை.

"எவ்வளவு அண்ணை?" என்று கேட்டாள், என்னைப் பார்க்காமல்.

பொய் சொல்லியிருக்கலாம். "முழங்கால் மட்டும்."

"அப்ப கடந்திடுவினம்." பெல்ட்டை இழுத்துப் போட்டாள். பிறகு, "அண்டைக்கும் இப்பிடித்தான் வத்தினது. ஆமி கடந்திட்டான். நாங்கள் கீழ்த்துறையில இறங்கி ஓடினம். அங்க ஆழம்."

அவளைக் கொண்டுபோய் வீட்டில் இறக்கிவிட்டேன். இனிப் பழக வரவில்லை என்று பிறகு மெசேஜ் வந்தது.

யாராவது இடித்தால் ஆதாரத்துக்கு என்று காரில் கமரா வைத்திருக்கிறேன். அன்று பின்னேரம் அதைப் போட்டுப் பார்த்தேன், மனைவியும் பக்கத்தில் இருந்தாள். நான் சாய்ந்து சாய்ந்து பொனெட்டுக்கு முன்னால் போகிறேன். வலக்கை பொனெட்டில். இடக்கையைப் பின்னுக்கு நீட்டி, எதையோ இறுக்கிப் பொத்திப் பிடித்திருக்கிறேன். பாதி வழியில் அந்தக் கை விசுக்கென்று இழுபடுகிறது. திரும்பிப் பார்த்து வாயைத் திறந்து கத்துகிறேன். விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. இதில் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"ஆரை விட்டிட்டு வாறியள்?" என்று மனைவி கேட்டாள்.

அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை, சாந்திக்குக் காட்டவும் இல்லை. இப்போதும் சில நாள் கியர் போடப் போகும்போது அந்தக் கை தானாகப் பொத்திக்கொள்கிறது. அதைத் திறக்க எனக்குப் பயம்.