காலி இடம் விட்ட பேனர்

அன்றைக்குக் கடையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் முன்னால் டிசைன் போடுகிற பெண், கரிக்கலாம்பாக்கத்துக்காரி. எதிரே ஸ்டூலில் மூலக்குளத்துக்காரர், அவரும் டிசைனர்தான், லேப்டாப்பில். பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டில் இருந்தே பார்க்கிறவர். மேசை மேல் அவருடைய போன், நாங்கள் பேசுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தது. வாசலில் நான், ரீப்பர் கட்டையும் சுத்தியலுமாக. முதலாளி இல்லை. அவர் இருந்திருந்தால் இவ்வளவு பேச்சு நடந்திருக்காது.

வில்லியனூரில் பேனர் கடை. அச்சாகி வருகிற ஃபிளெக்ஸைக் கட்டையில் இழுத்து ஆணி அடித்து, மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவது என் வேலை. ஐந்தாவது வரை படித்தேன். பேனரைப் படிக்க அது போதும். எல்லாப் பேனரிலும் ஒன்றேதான் எழுதியிருக்கும்.

மூலக்குளத்துக்காரருக்கு ஒரு பேனர் வேண்டும். அவருடைய அக்காளைப் பாகூரில் கரும்பு போடுகிற குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அக்காள் மகனுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். பேனரும் தாய்மாமன் வைப்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம்.

அதில் ஒரு பழைய கணக்கு இருந்தது. அக்காள் வளைகாப்புக்கு இவர்கள் வைத்த பேனரில் மாப்பிள்ளையின் பெரியப்பா படம் விட்டுப்போனது. அவர் இலையில் உட்காராமல் எழுந்து போய்விட்டார். அவர் போனதைப் பார்த்துப் பாதிப் பந்தி எழுந்தது. பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. மூன்று வருடமாக அந்த வீட்டில் அக்காள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தம்பிக்கு அவள் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். இந்த முறை ஒரு ஆள்கூடச் சாப்பிடாமல் போகக் கூடாது.

அவர் அதைச் சொல்லிவிட்டு, பேனரை அப்புறம் பேசலாம் என்றார். முதலில் பேட்டி. டிசைனர்களைப் பேச வைத்து இன்டர்நெட்டில் போடுகிறாராம். பெரிய ஊர்க்காரர்களிடம் எல்லாம் எடுத்தாகிவிட்டதாம். கிராமத்து ஆள் ஒன்று பாக்கி.

“உங்க கிரியேட்டிவ் பயணத்தைச் சொல்லுங்க மேடம்.”

“பத்தாவது முடிச்சேன். மூணு மாசம் கோர்ஸ் போனேன். இங்க வந்தேன்.”

“அவ்வளவுதானா?”

“நடுவுல கல்யாணம் ஆச்சி.”

“சரி. உங்க ப்ராசஸ் என்ன?”

“கரண்ட் இருந்தா செய்வேன். இல்லன்னா இந்த அண்ணன்கூட டீ குடிப்பேன்.”

“அது இல்ல மேடம். ஒரு டிசைனை எங்கேருந்து ஆரம்பிப்பீங்க?”

“செத்தவங்ககிட்ட இருந்து.”

அவர் போனைக் குனிந்து பார்த்தார், பதிவாகிறதா என்று. அவள் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். செத்தவர்கள் மேல் வரிசை. எத்தனை பேர், எத்தனை விளக்கு என்று முடிவானால்தான் மிச்ச இடம் உயிரோடு இருப்பவர்களுக்கு.

“யூசர் ரிசர்ச் மாதிரி ஏதாவது பண்ணுவீங்களா? அதாவது, பார்க்கிறவங்களைப் பத்தி முன்னாடியே விசாரிக்கிறது?”

“யாரு யாருகூட பேசறதில்லன்னு கேட்டுக்குவேன். பேசாதவங்களை பக்கத்துல பக்கத்துல வச்சா பேனரையே கிழிச்சிடுவாங்க. நடுவுல ஒரு ரோஜா போட்டுடுவேன்.”

“ரொம்பப் பகைன்னா?”

“ரெண்டு ரோஜா.”

அவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணா, உங்களைப் பொறுத்தவரைக்கும் நல்ல டிசைன்னா என்ன?”

“ஆணி அடிக்க ஓரத்துல மூணு அங்குலம் வுடணும்” என்றேன்.

“பியூட்டிஃபுல்” என்றார். நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று அங்குலத்தில் எழுதிவைக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாக விட்டால் கிழியும். அவ்வளவுதான்.

பிறகு அவர் அவளுக்குத் தொழிலைச் சொன்னார். சேர்ப்பது டிசைன் இல்லையாம். எடுப்பதுதான் டிசைனாம். “உங்ககிட்ட திறமை இருக்கு மேடம். ஆனா இடமே விட மாட்டேங்கறீங்க. காலி இடம்தான் கண்ணுக்கு மூச்சு. ஒரு கிராஃப்ட்ஸ்மேன் எதைப் போடலைங்கறதுலதான் தெரிவான். எனக்குப் பதினோரு வருஷ அனுபவம்.”

அவளுக்குப் பதினான்கு. அவள் சொல்லவில்லை.

“காலியா வுட்டா, இங்க இருந்து யாரைத் தூக்கினேன்னு கேப்பாங்கபா” என்றாள்.

அவர் லேப்டாப்பைத் திறந்தார். பேனரை அவரே போட்டுக் கொண்டுவந்திருந்தார். பத்துக்கு எட்டு. முழுக்க வெள்ளை. நடுவில் கோடாக ஒரு காது. காதில் பொன் நிறத்தில் ஒரு புள்ளி. கீழே எறும்பு மாதிரி தேதி.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “எத்தினி நாளு ஆச்சி?”

“ரெண்டு வாரம். நாற்பது காது போட்டேன். இந்தக் காதுலதான் ஒரு அமைதி வந்துச்சு.”

“தலைங்க எங்கபா?”

“அதுதான் மேடம் ஐடியா. ஒருத்தரை விட்டாத்தானே கோபம்? யாரையுமே போடலைன்னா யார் கோபப்படுவாங்க?”

“பந்தியில யாருக்குமே இலை போடாம வுட்டா கோவம் வராதாபா?”

“அது வேற டொமைன்” என்றார்.

கஸ்டமர் கேட்டால் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அடித்தாள். மிஷின் அவ்வளவு சும்மா ஓடி நான் பார்த்ததில்லை. மை நன்றாக மிச்சம்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாகூர் மண்டபத்தில் ஏணி போட்டேன். வாசலுக்கு நேரே, உள்ளே நுழைகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடம். மூன்று மூலை கட்டியாகிவிட்டது. நாலாவது மூலையில் இருக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பெரியப்பா. அவரோடு இரண்டு பேர்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்.

“இன்னாபா, மிஷினு பாதியில நின்னு பூட்ச்சா?”

“இல்லீங்க. முடிஞ்சிது.”

“மீதி எங்க?”

“இவ்ளோதாங்க.”

கூட வந்தவர்களில் ஒருவர், “காது டாக்டரு போர்டை மாத்தி இட்டாந்துட்டியா?” என்றார்.

இன்னொருவர் கிட்டே போய்க் குனிந்தார். “இல்லடா. தேதி நம்ம தேதிதான்.”

பெரியப்பா சிரிக்கவில்லை. “போன தடவ என்னை மட்டும் வுட்டாங்க. இந்தத் தடவ நம்ம வூட்டையே வுட்டுட்டாங்க” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். “போவட்டும். நாளைக்கு நம்ம வூட்லயே சோத்துக்கு ஒல வைக்கச் சொல்லு. எல்லாருக்கும் சேத்து வைக்கச் சொல்லு.”

ஸ்கூட்டரைத் திருப்பினார்கள்.

அதுவரை வாயில் ஆணியோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். இது என் வேலை இல்லை. கட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். ஆனால் மூன்று வருடம் என்பது மனதில் இருந்தது. இன்னொரு மூன்று வருடம் அந்தப் பெண் கேட்பாள்.

“இடம் வுட்டு வச்சிருக்குதுங்க” என்றேன்.

திரும்பிப் பார்த்தார்.

“மாப்ள வூட்டுப் படத்தை நாமளா எடுத்துப் போடக் கூடாது, கேட்டு வாங்கித்தான் ஒட்டணும்னு சொல்லிட்டாங்க. அதான் காலியா இருக்குது.”

ஏணி மேல் நின்று நான் அவ்வளவு பேசியதில்லை. பொய்யாகவும் பேசியதில்லை.

பெரியப்பா பேனரை மறுபடி பார்த்தார். இப்போது வேறு மாதிரி பார்த்தார், மனை பார்க்கிறவர் மாதிரி. “எல்லாமே நமக்கு வுட்ட எடமா?”

“ஆமாங்க.”

“மரியாதை தெரிஞ்சவங்கதான்” என்றார் கூட வந்தவர்களிடம். போனை எடுத்தார். டிராக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். “டிராக்டரை வெட்டிடுவீங்களா?”

“இருக்கட்டுங்க.”

டிசைன் போடுகிற பெண்ணின் நம்பரைக் கொடுத்தேன். நான் வில்லியனூர் திரும்புவதற்குள் அவள் போன் செய்தாள்.

“அண்ணே, அங்க இன்னா சொல்லி வச்சே? போன் சூடாயி கெடக்குது. இருபத்தி ரெண்டு படம் வந்துச்சி.”

“இடம் இருக்குதுன்னு சொன்னேன்.”

பேப்பர் புரளுகிற சத்தம் கேட்டது. அப்புறம், “சைஸு?” என்றாள்.

“ஒரு அடி ரவுண்டு. பெரியப்பாவுக்கு ஒன்ற அடி.”

“செத்தவங்க?”

“அனுப்பறாங்களா?”

“மூணு பேரு வந்துட்டாங்க.”

ஸ்டிக்கர் ஷீட்டில் அடித்து, கத்தரிக்கோலால் வட்டம் வட்டமாக வெட்டினாள். மாப்பிள்ளை வீடு அனுப்புவது தெரிந்து பெண் வீடும் அனுப்பியது. யார் யாரோடு பேசுவதில்லை என்று அவள் ஒவ்வொருவரிடமும் போனில் கேட்டுக்கொண்டாள். ரோஜா தனியாக ஒரு ஷீட் அடித்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒட்ட ஆரம்பித்தேன். ஏழு மணிக்கு மூலக்குளத்துக்காரர் பட்டு வேட்டியில் வந்தார். சீர்த் தட்டு எடுத்துவந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாண்ணா பண்றீங்க?” அவர் எங்கள் மாதிரி பேசியது அப்போதுதான்.

“ஒட்டறேன்பா.”

“அது வொயிட் ஸ்பேஸ்ணா.”

“தெரியும். இன்னும் பதினாலு பாக்கி.”

எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். சொன்னேன். பெரியப்பா ஸ்கூட்டரைத் திருப்பியதையும் சொன்னேன். படம் ஒட்டுகிற பாதி மட்டும்தான் அவர் காதில் விழுந்த மாதிரி இருந்தது. “ரெண்டு வாரம்ணா. நாற்பது காது” என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வண்டி நிறுத்திய பக்கம் நடந்தார்.

நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அக்காள் மண்டப வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனம்.

“எங்கடா போற?”

“எனக்கு இங்க வேலை இல்லக்கா. அதுல நான் போட்டதுன்னு சொல்ல ஒன்னுமே இல்ல.”

“உன் மூஞ்சியும்தான் இல்ல. தாய்மாமனைக் காணமேன்னு எங்க மாமியா ரெண்டு தடவ கேட்டுட்டாங்க. போட்டோ குடு.”

“டிசைனர் தன்னைப் போட்டுக்கக் கூடாதுக்கா. வேலைதான் பேசணும்.”

“நேத்து சாயங்காலம் உன் வேலை நல்லாப் பேசிச்சிடா. அந்த அண்ணன் மட்டும் வாயைத் தொறக்கலன்னா இன்னைக்கு இந்தப் பந்தியில நீயும் நானுந்தான் ஒக்காந்திருப்போம்.” பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். “நீ சாப்புடாம போனா அவங்க இன்னா பேசுவாங்கன்னு உனக்குத் தெரியும். நீ மூலக்குளம் போயிடுவ. நான் எங்கடா போவேன்?”

அவர் சாவியைப் பையில் போட்டார். போனை எடுத்துப் படத்தை அனுப்பினார்.

எட்டு மணிக்கு டிசைன் போடுகிற பெண் ஸ்கூட்டியில் கொண்டுவந்தாள். கறுப்பு வெள்ளைப் படம். பாதி முகம் இருட்டில். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வாங்கிப் பார்த்தார். “மீதி மூஞ்சி எங்கபா?”

“அது ஸ்டைலுங்க” என்றாள் அவள்.

பேனரில் இடம் முடிந்துவிட்டது. மேலே செத்தவர்கள், நாலு பக்கமும் உயிரோடு இருப்பவர்கள், இடையில் ரோஜா. காதுக்குள்ளே மட்டும்தான் வெள்ளை இருந்தது. அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். காதுக்குள்ளே ஒட்டினேன். அந்தப் பொன் புள்ளி போய்விட்டது.

ஒன்பதரைக்குக் குத்தினார்கள். பிள்ளை இடது காதுக்கு அழவில்லை, வலது காதுக்கு அழுதது. மாமனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைக்கா, பேனருக்கா என்று நான் கேட்கவில்லை.

பந்தியில் ஒரு ஆள்கூட எழுந்து போகவில்லை. பெரியப்பா முதல் பந்தியிலேயே சாப்பிட்டார். பாயசம் இரண்டு தடவை வாங்கினார். அதற்கப்புறம் வெற்றிலையை மென்றுகொண்டு பேனர் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்குத் தன்னைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமன் கடைசிப் பந்தியில் அக்காள் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காள் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள், மூடும் வரைக்கும்.

பத்து நாள் கழித்து அவர் அந்தப் பேனரைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட்டார். பேட்டியையும் சேர்த்துப் போட்டார். டிசைன் போடுகிற பெண் கடையில் படித்துக் காட்டினாள். வெற்று இடத்தை மக்களே நிரப்பிக்கொள்ளட்டும் என்று தான் திட்டமிட்டு விட்டதாக எழுதியிருந்தார். பங்கேற்பு டிசைன் என்று அதற்குப் பெயர்.

“அவரே வுட்டாராமா?” என்றேன்.

“அப்படித்தான் போட்டுருக்காரு.”

“உன் பேட்டி?”

“ரெண்டு நிமிஷம் வுட்டுருக்காரு. ரோஜாவை எடுத்துட்டாரு. செத்தவங்களையும் எடுத்துட்டாரு.”

“எடுக்கறதுதான டிசைனு.”

“உன் மூணு அங்குலம் இருக்குதுண்ணே.”

நிறையப் பேர் பாராட்டியிருந்தார்கள். அதில் ஒருவர், மொத்தம் எத்தனை முகம் என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் அவர் பதில் போடவில்லை. அவருக்குத் தெரியாது. ஒட்டினவன் நான்.

அறுபத்து நான்கு.