மழையளந்த பாஸ்கல் கிராணி

லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், ஆபீஸ் கணக்கெழுதும் பாஸ்கல் கிராணி இரண்டே பேரைத்தான் மனிதராக மதித்தார். ஒருவர் துரை. இன்னொருவர் அவர் வீட்டு முகக்கண்ணாடியில் தெரிபவர். மற்றவர்கள் எல்லாம் வரிசைவீட்டு லயத்துக் கூலிச் சனங்கள். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டால் குரல் கொடுப்பதற்கென்றே பிறந்தவர்கள்.

அவருடைய பெருமையெல்லாம் ஆபீசுக்குப் பின்னால் நின்ற மழைமானியில் இருந்தது. தினமும் இஸ்திரி போட்ட காற்சட்டை கசங்காமல் குந்தி, கண்ணாடிக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து அளப்பார். ஞாயிறு பூசைக்குப் பிந்தினாலும் பிந்துவார், அளவுக்குப் பிந்தமாட்டார். மழையைப் பற்றி லயத்தில் யாராவது வாய் திறந்தால் உதட்டைச் சுழிப்பார். வாயால் மழை அளக்கிற கூட்டம் என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கில் ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். ஆற்றுக்கு மேலிருந்த மேட்டுக்காடும் வெட்டுப்பட்டுப் போனது. ஆறு மெலிந்துகொண்டே வந்து, எண்பத்து மூன்றாம் வருட வெயிலில் லயத்துக் குழாயில் காற்றுதான் வந்தது. லயத்து ராக்காயி பெண்களைத் திரட்டிப் போய்த் துரையிடம் தண்ணீர்த் தொட்டி கேட்டாள். பல்கலைக்கழகத்து ஆட்கள் பார்த்துச் சொல்லட்டும் என்றார் துரை.

வந்தவர்கள் இருவர், ஒரே காரில். அர்ச்சுனன் வானிலை படித்தவர்; ஆபீசில் பாஸ்கலோடு உட்கார்ந்தார். பெட்ரீசியா சரித்திரம் படித்தவர். டேப் ரிக்கார்டரோடு லயத்துப் பெண்களிடம் போனார். பாஸ்கலின் கணக்கைப் பார்த்து அர்ச்சுனன் அசந்துபோனார். இத்தனை ஒழுங்காக யாரும் அளந்ததில்லை, அறிக்கையில் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றார். பாஸ்கலின் கழுத்து ஒரு சாண் நீண்டது.

கணக்குப்படி எழுபத்து நான்குக்குப் பிறகு மழை கூடியிருந்தது.

மத்தியானம் பெட்ரீசியா குழம்பிப்போய்த் திரும்பினார். "திருவிழாக் கரகத்த ஆத்துல விடற எடத்துல முன்ன இடுப்பளவு தண்ணியாம். இப்ப செம்புல மொண்டு ஊத்தித்தான் விடறாங்களாம். ஒங்க கணக்குல மழை கூடியிருக்கே அண்ணே?"

"அவங்க கதை சொல்றவங்க மிஸ். நான் அளக்கறவன்."

அர்ச்சுனனுக்கும் லேசாகச் சந்தேகம் தட்டியது. மழைமானி எப்போதும் இதே இடத்தில்தான் நின்றதா என்று கேட்டார்.

பாஸ்கல் கணக்குப் புத்தகத்தை மூடினார். மழைமானி நகரவில்லை, மரங்கள்தான் போயின. முன்பு இரண்டு ரப்பர் மரங்கள் அதன்மேல் கவிந்து, பெய்ததில் ஒரு பங்கைத் தாங்களே வாங்கிக்கொண்டன. வெட்டியபிறகு மழை நேரே குழாய்க்குள் விழுந்தது. கூடியது அளவு, மழையல்ல. அது அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் அத்தனை வருடக் கணக்கும் குப்பை, பெயரும் போகும். சொல்லாவிட்டால் தொட்டி போகும். தொட்டி யாருக்கு? லயத்துக்குத்தானே.

"ஒரு அடிகூட நகரல, சார்."

அதில் பொய் இல்லை. இவ்வளவு சுத்தமாக உண்மை பேசி ஒரு லயத்தையே தாகத்தில் போட, பாதி ஆயுளைத் துரைமாருக்குத் தலையாட்டிப் பழகியிருக்க வேண்டும்.

ஒரே காரில் வந்தவர்கள் ஒரே காரில் திரும்பினார்கள். பெண்கள் சொன்னது டேப்பிலேயே தங்கிவிட்டது. அறிக்கையில் எண்கள் மட்டும் ஏறின. மழை தாராளம் என்றது அறிக்கை. தொட்டி வேண்டாம் என்றார் துரை.

பாஸ்கல் அறிக்கையைப் பெரட்டுக்கே கொண்டுவந்து, தன் பெயர் அச்சான பக்கத்தை விரித்துக் காட்டினார். ராக்காயி எட்டிப் பார்த்தாள்.

"நல்ல பேருதான் கிராணியாரே. தொறந்தா தண்ணி வருமா?"

பெரட்டே சிரித்தது. அவர் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பெண்கள் மண்ணெண்ணெய் டின்களோடு பழைய ஈயச் சுரங்கக் குட்டைக்குத் தண்ணீர் மொள்ள நடந்தார்கள். கடைசியில் வாளியோடு போனவள் கெர்ட்ரூட், பாஸ்கலின் மனைவி. ஆபீஸ்காரர் வீட்டுக் குழாயும் அதே ஆற்றுக் குழாய்தான். பாஸ்கல் வாசலுக்கு ஓடிவந்து, கிராணி வீட்டுப் பொம்பளை இந்தக் கூட்டத்தோடு போவதா என்று பல்லைக் கடித்தார்.

"காலையில குளிக்கணுமா வேணாமா, சொல்லுங்க லா" என்றாள் கெர்ட்ரூட்.

பாஸ்கல் உள்ளே போனார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, இன்னொரு வாளியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார்.