வெளுத்துப்போன கை

எனக்குக் குஷ்டம் வந்துவிட்டது என்று பன்னிரண்டு நாள் முழு மனதோடு நம்பினேன். சந்தேகப்படவில்லை; நம்பினேன். கடவுள்மேல்கூட எனக்கு அவ்வளவு உறுதி இருந்ததில்லை.

உலகச் சண்டைக் காலம் அது. சீமைச் சாயம் வருவது நின்றுபோய், இளம்பிள்ளையில் எங்கள் தறிகளில் வெள்ளையே ஓடியது. சாயப் புடவை நெய்தவன் வேட்டி நெய்ய உட்கார்ந்தேன். வேட்டிக்கு நூல் பளிச்சென்று இருக்க வேண்டுமே. அதுவரை வெளுப்பதை அந்த வேலை தெரிந்தவர்களிடம் கொடுத்துத்தான் பழக்கம். இதில் என்ன வித்தை இருக்கிறது என்று ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து நானே இறங்கினேன்.

பவுடரைக் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்து, அதிலும் நிறையத் தண்ணீர் சேர்த்துத்தான் நூலை முக்க வேண்டும். இது இப்போது தெரிகிறது. அன்று நான் அடி வண்டலோடு கலக்கி, வெறுங்கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன். அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு; அக்கம்பக்கத்தார் என் தொழில் ரகசியத்தைத் திருடிவிடக் கூடாதாம். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர். கடைசியில் பானையைப் புளி போட்டுத் தேய்த்தபோது கிளம்பிய நெடியில் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடினேன். ரகசியம் என்னோடு தெருவுக்கு வந்தது.

நூலில் மருந்து தங்கினால் இற்றுப்போகும் என்பதால் என் மனைவி அதை மூன்று தண்ணீரில் அலசிக் காயப்போடுவாள். நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போவேன்.

நான்கைந்து முறை இப்படி நடந்ததும் கை அரிக்கத் தொடங்கியது. அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நூலின் கறையை எடுக்கிற மருந்து தோலின் அரிப்பை எடுக்காதா? பவுடரைக் குழைத்து இரண்டு புறங்கைகளிலும் பூசி, பொறுமையாக உட்கார்ந்து காயவைத்தேன். மறுநாள் தோல் வெளுத்துத் திட்டுத்திட்டாக உரிந்தது.

குஷ்டம். வேறென்ன?

மகளின் நிச்சயதார்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. பெண்ணின் தகப்பனும் பிள்ளையின் தகப்பனும் எதிரெதிரே உட்கார்ந்து, சபை பார்க்க இரண்டு கைகளாலும் தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். என் கையைப் பார்த்தால் யார் தட்டை வாங்குவார்கள்? கொல்லிமலைக்குப் போய்ச் சாமியாராகிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சேந்தமங்கலம் வரை வண்டி உண்டு. அதற்குமேல் நடந்து ஏற வேண்டும் என்பதால் துறவைக் கைவிட்டேன்; அரிப்புக்குப் பவுடர் பூசுவதை மட்டும் கைவிடவில்லை.

"ஏனுங்க, இந்த வெய்யல்ல கையத் துண்டுல சுத்திக்கிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"குளுருது."

"ஆடு மாடெல்லாம் நெழலத் தேடுது, உங்களுக்குக் குளுருதுங்களா?"

யாருக்கும் ஒட்டிவிடக் கூடாதென்று தனி இலையில், தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்டதற்கு விரதம் என்றேன்.

"எந்தச் சாமிக்குங்க?"

"எல்லாச் சாமிக்கும்."

"சரிங்க. அப்பக் கறிக்கொழம்ப நானே தின்னுக்கறேன்."

நிச்சயதார்த்த நாள் வந்தது. சம்பந்தியாகப் போகிறவர் ராசிபுரத்துக்காரர். பரம்பரையாக நூல் வெளுப்பவர். அவர் தட்டை நீட்டியபோது என் மச்சினனை முன்னால் தள்ளிவிட்டேன்.

"மச்சினரு கையில குடுக்கறதுக்கா ராசிபுரத்துல இருந்து வந்தேன்? பொண்ணப் பெத்தவரு நீங்க இருக்கறீங்களே," என்றார்.

"கை கொஞ்சம் சரியில்லீங்க."

"கைக்கு என்னங்க?" என்று துண்டை உருவினார்.

பக்கத்தில் இருந்தவர் பாயோடு பின்னால் நகர்ந்தார். உள்கதவோரம் என் மகள் பட்டுப் புடவையில் நின்று என்னையே பார்த்தாள்.

அவர் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். "ஏனுங்க, உங்க ஊட்டுல குச்சி இல்லீங்களா?"

"எதுக்குங்க?"

"பவுடரக் கலக்கத்தான். கையிலயா துழாவறீங்க?"

"அதில்லீங்க. இது பெரிய வியாதி."

"யாரு சொன்னது?"

"நானேதான்."

"அரிக்குதுங்களா?"

"உசுரு போகுதுங்க."

"அந்த வியாதியில அந்தத் திட்டத் தொட்டாக்கூடத் தெரியாதும்பாங்க," என்று சொல்லிக்கொண்டே நறுக்கென்று கிள்ளினார். நான் போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்தவர்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள்.

"எனக்குச் சந்தேகமில்லீங்க. ஆனா சபை பாத்துருச்சு. டாக்டரு ஒரு வார்த்த சொல்லட்டும். தட்டு இங்கியே இருக்கட்டும், மூணு மணிக்கு மேல ஒரு நல்ல நேரம் இருக்குது," என்றார்.

பக்கத்து ஊர் ஆசுபத்திரிக்கு வண்டி கட்டினோம். சம்பந்தியும் என் மனைவியும் கூட வந்தார்கள். டாக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார், ஊசி முனையால் தொட்டார்; தொட்ட இடமெல்லாம் சரியாகச் சொன்னேன். பவுடர் சுட்ட புண் என்றார். பவுடர் பட்டால் உடனே ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும், அரிக்கும்போது நனைத்த துணியைப் போட வேண்டும், தேங்காயெண்ணெய் தடவலாம், நகத்தை வெட்ட வேண்டும், சுடுதண்ணீரும் சோப்பும் ஆகாது என்றார். கதவைத் திறந்துவைத்து வேலை செய், புளி கிட்டத்தில் வராமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னார். அரிப்புக்குப் பவுடரையே பூசினேன் என்றதும் ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நூல அலசி அலசி என் கையி நல்லாத்தான இருக்குது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுங்க," என்றாள் மனைவி, திரும்பும்போது.

மூன்று மணிக்கு மேல், உரிந்த தோலோடு இரண்டு கைகளையும் நீட்டித் தட்டை வாங்கினேன். பின்னால் நகர்ந்தவர் பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தார். என் புண் இருபது நாளில் ஆறியது. தை மாதம் மகளின் கல்யாணம் நடந்தது.