மாடவீதியில் அவள் புடவை

முதல் வருஷத் திதி முடியும்வரை இறந்தவர்களின் துணிமணியைத் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். யார் சொன்னது, ஏன் சொன்னது என்றெல்லாம் நான் கேட்டதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. பீரோவைத் திறக்காமல் இருக்கிறவரை என் மனைவி அடுத்த தெருவுக்குக் காய் வாங்கப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆடியில் திதி முடிந்த மறுநாள், அடையாறிலிருந்து மகள் வந்து பீரோவைத் திறந்தாள். அந்துருண்டை வாசனை அறை முழுவதும் பரவியது. ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து, வாடாமல்லி என்று அடுக்கடுக்காகப் புடவைகள். தி. நகரில் கடை கடையாக ஏறி இறங்கி, என்னை வாசலில் பையோடு நிற்கவைத்துவிட்டு அவள் பொறுக்கியவை. அன்றெல்லாம் எனக்கு எல்லாப் புடவையும் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்போது ஒவ்வொன்றும் ஒரு நாளாகத் தெரிந்தது.

“அப்பா, பட்டுப்புடவையெல்லாம் நான் எடுத்துக்கறேன். மத்ததெல்லாம் ஒரு முதியோர் ஹோமுக்குக் குடுத்துடலாம்பா. அம்மா பேர்ல ஒரு தர்மம் பண்ணின மாதிரி இருக்கும்,” என்றாள் மகள்.

“ஹோம் எங்க இருக்கு?”

“செங்கல்பட்டு தாண்டி.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அம்மாவைக் கொண்டுபோய் செங்கல்பட்டு தாண்டி விடுவியா? அவளுக்கு மாம்பலமே வெளியூர்!” என்றேன். சொன்ன பிறகுதான் நான் புடவையைச் சொல்லவில்லை என்று உறைத்தது. மகளும் அதைக் கவனித்துவிட்டாள். பட்டுப்புடவைகளை மட்டும் பையில் வைத்துக்கொண்டாள்.

தெரிந்தவர்களுக்குக் கொடுத்தால்தான் அம்மாவுக்குப் பிடிக்கும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சமாளித்து அனுப்பினேன். உண்மை வேறு. இங்கேயே, என் கண் படுகிற இடத்தில் இருக்கிற பெண்களுக்குக் கொடுத்தால், என்றைக்காவது அந்தப் புடவை தெருவில் நடந்து வரும். அதை நான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு தடவை. தர்மம் என்று ஊருக்குச் சொன்னேனே தவிர, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். புண்ணியக் கணக்கில் இது சேராது என்றால் சேராமல் போகட்டும்.

தெருமுனை இஸ்திரி வண்டிக்காரம்மாவுக்கு மாம்பழ மஞ்சள். எங்கள் அடுக்ககத்தில் பெருக்கித் துடைக்கிற பெண்ணுக்கு மயில்கழுத்து. சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி போட்ட வாடாமல்லிச் சுங்குடி, தெற்கு மாடவீதியில் பூ விற்கிறவளுக்கு. அவளுக்கும் என் மனைவிக்கும் முழம் அளப்பதில் தினம் ஒரு சண்டை. உன் கை குட்டை என்பாள் என் மனைவி, உன் மனசு குட்டை என்பாள் பூக்காரி. சண்டை முடிந்து இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது நான் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன்.

பூக்காரி புடவையை ஈரக் கையால் தொடவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “வெள்ளிக்கெழம கட்டிக்கினு வருவாங்களே, அதானே சார் இது?” என்றாள். ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு என் மாலைகள் ஒரு மாதிரி மயக்கத்தில் கழிந்தன. வெயில் தாழ்ந்ததும் கோயில் குளத்தங்கரைக்குப் போய்விடுவேன். காப்பிக்கொட்டை வறுபடுகிற வாசனை, மல்லி வாசனை, கோயிலுக்குள்ளிருந்து வந்து தேய்ந்துபோகிற நாயனம். அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தால் போகிறவர் வருகிறவர் முகமெல்லாம் கரைந்து வெறும் நிறங்களாகத் தெரு நகரும். எங்கேயாவது வாடாமல்லி தெரிந்தால் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போடும். கிட்டே வந்தால் அது யாரோ ஒரு கல்லூரிப் பெண்ணின் துப்பட்டாவாக இருக்கும். சில நாள் நான் தூங்கியே போயிருப்பேன். கனவிலும் அதே தெருதான், அதே கூட்டம்தான். அதிலும் அவள் வரவில்லை.

ஆவணி போனது. கொலு பொம்மைகள் வடக்கு மாடவீதியை அடைத்துக்கொண்டு நின்று, விற்றுத் தீர்ந்து போயின. தீபாவளியும் போனது. ஒருத்தியும் கட்டவில்லை. பூக்காரி அதே வெளுத்த பச்சையில், இஸ்திரிக்காரம்மா அதே நைட்டியில். எனக்கு எரிச்சல் ஏற ஆரம்பித்தது. தானம் வாங்கினவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் கொடுத்துவிட்டு மாட்டின் பின்னாலேயே அலைந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் பூக்காரியின் பக்கத்தில் புத்தம்புது எவர்சில்வர் தூக்கு மினுமினுத்தது. எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவன் வாராவாரம் இந்தத் தெருக்களில் கூவிக்கொண்டு போகிறவன்தானே! என் மனைவியே என் நல்ல பேண்ட்டுகளைப் போட்டு ஒரு இட்லிக் குண்டான் வாங்கியவள். மூன்று நாள் அந்தப் பாத்திரக்காரன் பின்னால் போய் அவன் மூட்டையை எட்டி எட்டிப் பார்த்தேன். “இன்னா நைனா, எதனா போடப்போறியா இல்லியா?” என்று அவன் கேட்ட பிறகுதான் வெட்கம் வந்து விலகினேன்.

மார்கழி முடிகிற சமயம். பொறுக்கமாட்டாமல் பூக்காரியிடமே கேட்டுவிட்டேன்.

“ஏம்மா, அந்தப் புடவை புடிக்கலையா?”

பூத் தொடுத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “புடிக்காம இன்னா சார்? பொட்டில பத்திரமாக் கீது.”

“அப்ப ஏன் கட்டலை?”

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நாங்கோ மூணு பேரும் பேசி வச்சிக்கினோம் சார். சார் கண்ணு முன்னால கட்ட வாணாம்னுட்டு. நீ பாத்தா அம்மா நெனப்பு வந்து பேஜாராயிடுவ இல்ல? இஸ்திரிக்கார அக்கா ஒருவாட்டி கட்டிக்கினு வண்டியாண்ட நின்னுது. நீ முனையில திரும்பசொல்லோ பாத்துட்டு, இஸ்திரிப் பொட்டிய துணி மேலயே வுட்டுட்டு வூட்டுக்குள்ள ஓடிடுச்சு. துணி கருகிப்போச்சுன்னு அன்னிக்கு ஒரே சண்ட.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் அவர்களைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாதங்களெல்லாம் அவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“பாக்கறதுக்குத்தாம்மா குடுத்தேன்,” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு முழம் அளந்து, இலையில் சுற்றி, சாமி படத்துக்குப் போடு சார் என்று கொடுத்தாள்.

தைப் பௌர்ணமியை ஒட்டி எங்கள் குளத்தில் தெப்பம் விடுவார்கள். தெப்பத்தன்று பொழுது சாய்ந்ததும் கூட்டம் குளத்தைச் சுற்றிக் கூடிவிட்டது. தண்ணீரில் விளக்குகள் நீளமாக ஆடின. எந்த வெளிச்சம் மேலே, எந்த வெளிச்சம் கீழே என்று தெரியாமல் நான் நடந்துகொண்டிருந்தேன். அப்போது எனக்கு முன்னால், நாலைந்து தலைகளுக்கு அப்பால், வாடாமல்லியில் வெள்ளைப் புள்ளி நகர்ந்தது.

என் மனைவி எப்போதும் எனக்கு முன்னால்தான் நடப்பாள். கூட்டம் என்றால் அவள் முதுகுதான் எனக்கு வழி. கால்களுக்கு அது நினைவிருந்தது போலிருக்கிறது, தாமாகவே போயின. புடவை தேங்கினால் நான் தேங்கினேன், விலகினால் விலகினேன். கற்பூர வாசனை, நாயனம், தோளில் இடித்துக்கொண்டு போகிற ஜனம் எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. பேர் சொல்லிக் கூப்பிட நாக்கு துடித்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் திரும்பிவிடுவாள்.

குளத்துச் சுற்றுச்சுவர் வந்ததும் புடவை நின்றது. அவளாகவே திரும்பினாள். தலைக்குக் குளித்து, தன் கூடைப் பூவையே நிறைய வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதினவள் மாதிரி பூக்காரி என் முகத்தைப் பார்த்தாள்.

“நல்லாக்கீதா சார்?”

நன்றாக இருந்தது. அவளுக்கு அது மிகவும் பொருத்தமாக இருந்தது. அதையும் சொன்னேன். பிறகு, இத்தனை நாளாகத் தவறிட்டா, போயிட்டா, இப்ப இல்லை என்று சுற்றி வளைத்தே சொல்லிவந்த என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

“அவ செத்துப் போயிட்டாம்மா.”

“தெரியும் சார்,” என்றாள் அவள், சுவரோரமாக எனக்கு இடம் விட்டு நகர்ந்துகொண்டே.